யாரை நோக்கி முதலில் நீந்துவது

தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைத் தண்ணீருக்குக் கூட்டிப் போகிற இந்த வேலைக்கு, மீன் பிடிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருகிறீர்கள். பக்கத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு. நம் வேலை அந்த நிற்பதில்தான் இருக்கிறது. முள் கட்டுவது, தூண்டில் ராடு வீசுவது எல்லாம் ஒரு மழைக்காலத்தில் கைக்கு வந்துவிடும். அதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு காலையில் நடந்த கதை மட்டும். அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மதுரைக்காரன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், குடும்பத் தொழில் நெசவு. எனக்குத் தறி பிடிக்கவில்லை. இருபது வயதில் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கிடங்கு வேலைக்குப் போனேன். அங்கே ஓடையில் வெள்ளைக்காரன் காலத்தில் விட்ட மீன்கள் இருந்தன. புழு வைத்தால் தோட்டத்து அதிகாரிகளுக்குக் கோபம் வரும். கோழி இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்டி, கனமான நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் ஆட்டி வீசுகிற வித்தையைத்தான் அவர்கள் மதிப்பார்கள். நீங்கள் ஃப்ளை ஃபிஷிங் என்கிறீர்கள். எங்கள் வாயில் அது பூச்சித் தூண்டில். எனக்கு அதைக் காட்டிக்கொடுத்த அதிகாரி அதிகம் பேச மாட்டார். ஒருமுறை ஒரு விருந்தாளி மீனை மாட்டிவிட்டுத் திணறிக்கொண்டிருந்தார். நான் உதவி செய்வதாக நினைத்து ராடில் கை வைத்தேன். அதிகாரி என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார். "போனா அவர் மீன் போகட்டும், வந்தா அவர் மீன் வரட்டும். உனக்கு இதுல பங்கு கிடையாது" என்றார். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றிருந்தது. அந்த மீன் வந்து சேர்ந்ததும் அந்த விருந்தாளி, நரைத்த தலைக்காரர், பள்ளிக்கூடப் பையன் மாதிரிச் சிரித்தார். பங்கு இல்லாவிட்டாலும் அந்தச் சிரிப்பைப் பார்க்கிற இடம் எனக்குக் கிடைத்தது. அதற்காகத்தான் மதுரைக்குத் திரும்பிய பிறகும் இந்த வேலையையே செய்தேன். என் கையால் எத்தனையோ மீன் பிடித்திருக்கிறேன், அந்தச் சந்தோஷம் அதில் வந்ததே இல்லை.

ஸ்டேஷன் பக்கம் ஒரு டிராவல்ஸில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருந்தார்கள். மீனாட்சி கோயில் பார்க்க வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்குத் தண்ணீரைக் கண்டால் கை துறுதுறுக்கும். அவர்களை வைகையில் தண்ணீர் ஓடினால் சமயநல்லூர் பக்கமும், கண்மாய்கள் நிறைந்தால் கிழக்கேயும் கூட்டிக்கொண்டு போவேன். மலை மீன் இங்கே கிடையாது. ஜிலேபிக் கெண்டை உண்டு, விரால் உண்டு. தவளை மாதிரிக் கட்டிய பூச்சியை அல்லி இலை ஓரம் போட்டு இழுத்தால் விரால் வாயைத் திறந்துகொண்டு வரும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் அடுத்த வருஷமும் வருவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் சில வருஷம் மழை பொய்த்தது. கண்மாய்கள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. அந்த வறட்சியில் பல கண்மாய்களில் செங்கல் சூளைக்குச் சவுடு மண் எடுத்தார்கள். முன்பெல்லாம் மாட்டு வண்டியில் எடுப்பார்கள், தரை மெதுவாகச் சரியும். இப்போது மண் அள்ளுகிற இயந்திரம் இறங்கியது. அது சுவர் வைத்த மாதிரிச் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போய்விடும். பிறகு ஒரு ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. தண்ணீர் வந்து, கிடங்கு என்று நாங்கள் சொல்கிற அந்தப் பள்ளங்களையெல்லாம் ஒரே மட்டமாக மூடிவிட்டது. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் அழகான கண்மாய்தான்.

அந்த மார்கழியில்தான் ஜெயந்தி என்ற பெண் என் மேஜைக்கு வந்தாள். எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். கல்யாணமாகி அமெரிக்கா போனவள், குழந்தைக்குக் காது குத்த ஊருக்கு வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரன் காசிராஜன் அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், ஓய்வு நாளில் ஆற்றில் பூச்சித் தூண்டில் போடப் பழகியிருக்கிறான், ராடைக் கூட ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று சொன்னாள். நான் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா ஒச்சப்பனுக்கு ஒரே மகள். மகளைக் கடல் தாண்டிக் கூட்டிப் போன மாப்பிள்ளையிடம் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் குழந்தையிடம் சொல்வது மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள். அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மீன் பிடிப்பது என்றால் உயிர். அதனால் இரண்டு பேரையும் ஒரு காலை சேர்த்துக் கூட்டிப் போக வேண்டும், தான் வரப்போவதில்லை, இது தன் ஏற்பாடு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார், வெயில் ஏறுவதற்குள் அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னாள்.

திருவாதவூர் தாண்டி ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பூச்சித் தூண்டிலுக்கு முதுகுப்பக்கம் இடம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் கண்மாய்க் கரை முழுக்கக் கருவேலம். கரையிலிருந்து வீசினால் நூல் முள்ளில் மாட்டிக்கொள்ளும். தண்ணீரில் இறங்கி இடுப்பளவில் நின்று கரைக்கு இணையாகத்தான் வீச வேண்டும். அதனால் முந்தின நாளே போய் ஒரு கம்பால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்தேன். இடுப்புக்கு மேல் போகாத ஒரு திட்டு நீளமாக இருந்தது. அதன் ஓரத்தில் கம்பு சட்டென்று இறங்கியது, அடி தட்டவில்லை. அந்த ஓரம் முழுக்கக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். லாரி டியூப் ஒன்றில் காற்றடித்து, மறுநாள் கையெட்டும் தூரத்தில் மிதக்கவிடத் தயார் செய்துகொண்டேன். அந்தக் காலத்தில் நம்மிடம் இருந்தது அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட் என்பதை நான் கப்பல் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

மறுநாள் வேனில் வரும்போது இருவரும் வேறு வேறு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒச்சப்பன் உயரமான ஆள், அறுபது தாண்டியவர், வேட்டியை மடித்துக் கட்டினால் இன்னும் வயல் வேலைக்குப் போகிறவர் மாதிரி இருப்பார். காசிராஜன் ஒல்லி. என்னை அண்ணே அண்ணே என்று அழைத்தான். நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். ஊர்க் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியதோடு சரி, ரொம்ப வருஷமாச்சு என்றான். ஒச்சப்பனிடம் கேட்டேன். அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை, அப்படி ஒரு கேள்வியா என்கிற மாதிரிப் பார்த்தார். இரண்டு பேரிடமும் சிவப்புத் துணியைக் காட்டி, அதைத் தாண்டினால் கிடங்கு, வெளியே வர முடியாது என்று சொன்னேன். தலையாட்டினார்கள்.

முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. மாமனார் பூச்சித் தூண்டிலைக் கேலியாகப் பார்த்தார். மண்புழு இல்லாமல் மீனா என்று என்னிடம் சொன்னார், மாப்பிள்ளைக்குக் கேட்கும்படி. காசிராஜன் வீசிக் காட்டினான். நூல் வளைந்து போய்த் தண்ணீரில் சத்தமில்லாமல் படிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் பக்கத்தில் போய் நின்றார். "இது எப்படி மாப்ள, கையில சாட்டை பிடிக்கிற மாதிரியா?" என்று கேட்டார். அவன் ராடை அவர் கையில் கொடுத்து, பின்னால் நின்று அவர் முழங்கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். மாமனாரை அவன் தொட்டதே அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் வீசிய நூல் அவர் தலையிலேயே விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். அதன் பிறகு ஒச்சப்பன் ஒரு ஜிலேபிக் கெண்டை பிடித்தார். உள்ளங்கை அளவு. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். இப்படி ஒரு நேரத்தில் நாம் அங்கே இல்லாதது மாதிரி இருக்க வேண்டும். அந்தப் பெண் இதைப் பார்க்க இல்லையே என்று மட்டும் நினைத்தேன்.

வேன் டிரைவர் இட்லி வாங்க ஊருக்குள் போயிருந்தார். கரையோரத்தில் நின்று ஒச்சப்பன் நூலில் விழுந்த சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தேன், அவரும் பக்கத்தில் நின்றார். அப்போதுதான் காசிராஜன் போட்ட தவளைப் பூச்சியை ஒரு பெரிய விரால் அடித்தது. சத்தம் கரை வரைக்கும் கேட்டது. ராடு வளைந்தது. அவன் "மாமா, மாமா" என்று கூப்பிட்டான். மீன் ஆழத்தைப் பார்த்து இழுத்தது. அவன் அதன் பின்னாலேயே நடந்தான். நான் நில்லுங்க என்று கத்தினேன். அவன் கண் மீன் மேல் இருந்தது, காது எங்கேயும் இல்லை. சிவப்புத் துணி கட்டிய குச்சிகளுக்கு நடுவே நடந்து போனான். ஒரு அடி வைத்தான், அடுத்த அடிக்குத் தரை இல்லை.

இதிலிருந்து நடந்ததை நீங்கள் நிதானமாகக் கேட்க வேண்டும். நடந்தபோது நிதானம் இல்லை.

நான் டியூபைப் பிடித்துத் திரும்புவதற்குள் ஒச்சப்பன் என்னைத் தாண்டி ஓடினார். வேட்டியோடு, கையில் கடிகாரத்தோடு. நான் அவர் தோளைப் பிடித்தேன், சட்டை கிழிந்து கையோடு வந்தது. அவர் குதித்துவிட்டார். கிணற்றில் நீந்திய தைரியம். ஆனால் அது சேறு கலங்கிய குளிர்ந்த தண்ணீர், அவருக்கு அறுபதுக்கு மேல், நெஞ்சு சரியில்லை. நாலு கை போடுவதற்குள் மூச்சு நின்றுபோனவர் மாதிரி நின்றார். வேட்டி காலில் சுற்றிக்கொண்டது. முகம் என் பக்கம் திரும்பியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அந்த நேரத்தில் காசிராஜன் அவருக்கு அப்பால் இருந்தான். அவன் முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு கை மட்டும் மேலே தெரிந்தது.

எனக்கு இருந்தது ஒரு டியூப். அந்தக் கையை நோக்கி வீசியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். தண்ணீருக்குள் முகம் போனவர் எதையும் பார்த்துப் பிடிக்க மாட்டார். டியூபை வீசிவிட்டு வெறும் கையோடு ஒச்சப்பனிடம் போயிருக்கலாமே என்றும் கேட்டார்கள். அவ்வளவு பெரிய ஆள் என்னைப் பிடித்தால் இரண்டு பேரும் அடிக்குத்தான் போவோம். அவரைத் தாண்டிக்கொண்டு அந்தக் கைக்குப் போனால் திரும்பி வரும்போது அவர் இருக்க மாட்டார், அந்தக் கையும் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. இதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அங்கே இது எல்லாம் ஒரே ஒரு எண்ணமாக வந்தது. முகம் தெரிகிறவரிடம் போ. போனேன்.

அவர் டியூபைப் பிடிக்கவில்லை, என் கழுத்தைப் பிடித்தார். முழுகுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள், அதில் வயதும் கிடையாது, பாசமும் கிடையாது. நான் அவரோடு சேர்ந்து முழுகி, அவர் பிடி தளர்ந்ததும் டியூபை அவர் கக்கத்தில் நுழைத்து, திட்டுக்கு இழுத்து வந்து நிறுத்தினேன். திரும்பினேன். தண்ணீர் மேல் ஒன்றும் இல்லை. ராடு மட்டும் மிதந்தது, விரால் அதை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

முங்கினேன், பலமுறை முங்கினேன். கண்ணைத் திறந்தால் கலங்கல்தான். கையில் சேறும் தாமரைத் தண்டும் வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் காலில்தான் காசிராஜன் தட்டுப்பட்டான். கரைக்குக் கொண்டுவந்து எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். வேன் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே டாக்டர் வாசலிலேயே பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். ஒச்சப்பனை வேறொரு கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, "என்னை எதுக்குய்யா தூக்குனே?" என்று மட்டும் கேட்டார். மறுபடி கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போலீஸில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். விபத்து என்று முடித்தார்கள். துக்கம் கேட்க, துட்டிக்கு எழுமலை போனேன். போகாதே என்று டிராவல்ஸில் சொன்னார்கள். போகத்தான் வேண்டும். நீங்களும் போகத்தான் வேண்டும். காசிராஜனின் சித்தப்பா ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். கிழவனைத் தூக்கி வந்து குழந்தைக்காரனை விட்டுவிட்டாயே என்று கேட்டார். ஜெயந்தி உள்ளே பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். அது திட்டுகிற பார்வை கூட இல்லை.

அதோடு தொழிலை விட்டேன். டிராவல்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். யாராவது மீன் பிடிக்க என்று வந்தால் ஆள் இல்லை என்று அனுப்பிவிடுவேன்.

மறுவருஷம் ஆடி மாதம் ஒச்சப்பன் டிராவல்ஸுக்கு வந்தார். பாதி ஆளாகிப் போயிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. ஜெயந்தி வீட்டில்தான் இருக்கிறாள், அமெரிக்கா திரும்பவில்லை, ஆனால் தன்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றார். சாப்பாடு வைக்கிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள், பேச மாட்டாள். இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள், அப்பாவை முதலில் தூக்கினார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நேற்று திடீரென்று, அந்த அண்ணனைப் பார்க்க வேண்டும், கூட்டிப் போங்கள் என்று அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"நாளைக்குக் கூட்டிட்டு வாரேன் தம்பி. அவ கேட்டா ஒண்ணு சொல்லணும். மாப்ளதான் கையைக் காட்டி, மாமாவை முதல்ல தூக்குங்கன்னு சொன்னாருன்னு சொல்லு."

டீயை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் குதிச்சதை மட்டும் சொல்லிராத. கால் வழுக்கி விழுந்தேன்னு இருக்கட்டும்."

மாப்பிள்ளையைக் காப்பாற்றக் குதித்தீர்கள், அதை ஏன் மறைக்க வேண்டும், அதைத்தானே முதலில் மகளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் மேஜையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் குதிக்காம கரையில நின்னிருந்தா, நீ அவன்கிட்டதான போயிருப்ப?"

அந்தக் கேள்வியை அதற்கு முன்பு நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குள் பல தடவை கேட்டிருக்கிறேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீரில் நான் முடிவெடுக்கக் கண் சிமிட்டும் நேரம்தான் இருந்தது. இதற்கு ஒரு முழு நாள் இருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. பொய் சொன்னால் ஒரு கிழவருக்கு மகள் கிடைப்பாள். செத்தவன் நல்ல பெயரோடு இருப்பான். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். கடைசி நேரத்தில் என் புருஷன் என்னையும் பிள்ளையையும் நினைக்காமல் எங்கப்பாவைத் தூக்கச் சொன்னான் என்று அவள் ஆயுசு முழுக்க நினைக்க வேண்டும். அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்ல வாய் தண்ணீருக்கு மேலே இல்லை. உயிரோடு திரும்பி வரத்தான் அந்தக் கையைத் தூக்கினான். அதை அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் காலை ஜெயந்தி தனியாக உள்ளே வந்தாள். அவள் அப்பா தெருவின் எதிர்ப்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டேன், கையை அசைத்து வேண்டாம் என்றார்.

அவள் உட்கார்ந்ததும் கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு கடைசியா உங்களைப் பார்த்தாராண்ணே?"

"இல்லம்மா. முகம் தண்ணிக்குள்ள போயிருச்சு. கை மட்டும் தெரிஞ்சுச்சு. நான் அதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் உங்க அப்பாகிட்ட போனேன்."

"ஏன்?"

"அவரைக் காப்பாத்த முடியும்னு தெரிஞ்சுச்சு. உங்க வீட்டுக்காரரை முடியுமான்னு தெரியலை. யாரும் சொல்லலை, உங்கப்பா கேக்கலை. நானா எடுத்த முடிவு."

அவள் அழவில்லை. அப்பா எப்படித் தண்ணீருக்குள் போனார் என்று கேட்டாள். நான் சொன்னேன். அவர் ஓடியது, சட்டை என் கையில் கிழிந்து வந்தது, வேட்டியோடு குதித்தது, மாப்பிள்ளை பக்கமாகக் கை போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் புத்திசாலி. கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. அவள் எங்கே வந்து நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அப்பா குதிக்காம இருந்திருந்தா?"

"உங்க வீட்டுக்காரருகிட்டதான் போயிருப்பேன். கிடைச்சிருப்பாரான்னு சொல்ல முடியாதும்மா. ஆனா போயிருப்பேன்."

அவள் எழுந்து கத்துவாள், வெளியே போய் அவரை ஏதாவது சொல்வாள் என்று பயந்தேன். எதுவானாலும் இனி என் கையில் இல்லை.

"இது அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். அன்றைக்கிலிருந்தே தெரியும், அதனால்தான் உங்களிடம் சொல்லவில்லை என்றேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். பிறகு என்னிடம், அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களா என்று கேட்டாள். பேசினார்கள் என்றேன். உங்கள் வீட்டுக்காரர் உங்கள் அப்பாவின் முழங்கையைப் பிடித்து வீசக் கற்றுக்கொடுத்தார், நூல் அவர் தலையில் விழுந்தது, சிரித்தார்கள், உங்கள் அப்பா தான் பிடித்த கெண்டையை அவரிடம் தூக்கிக் காட்டினார். விரால் அடித்தபோது உங்கள் வீட்டுக்காரர் மாமா என்றுதான் கூப்பிட்டார். அதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை. அப்போதுதான் அவள் அழுதாள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தெருவைக் கடந்து போனாள். ஒச்சப்பன் அவள் முகத்தைப் பார்த்ததும் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று புரிந்துகொண்டார். தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் முன்னால் போய் நின்றாள். கதவைத் திறந்து வைத்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"ஏம்ப்பா வெயில்ல நிக்கிறீங்க," என்றாள்.

அவர் பேருந்து நிலையம் பக்கமாகத் திரும்பி நடந்தார். அவள் கூடவே நடந்தாள். பேசிக்கொண்டு போனார்களா என்று தெரியாது. அதன் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அப்படிச் சரியாகிற விஷயம் இல்லை அது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். இரண்டு பேரைத் தண்ணீரில் இறக்கினால் நம் ஆளும் இரண்டு பேர் வேண்டும், இட்லி பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலாவதாக விழுந்தவரைக் காப்பாற்றுவதற்கு முன்னால் இரண்டாவது ஆளைக் கரையில் பிடித்துக் கட்டிப்போட வேண்டும், முடியாவிட்டால் அடித்தாவது உட்கார வைக்க வேண்டும். அதற்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைக்கட்டும். அப்படியும் நடந்துவிட்டால், முகம் தெரிகிறவரிடம் போங்கள். போய்விட்டு வந்த பிறகு உங்களை யார் என்ன கேட்டாலும் நீங்கள் எடுத்த முடிவை உங்கள் முடிவு என்றே ஏற்றுக்கொள்ளுங்கள். செத்தவர் தலையிலும் போடாதீர்கள், பிழைத்தவர் தலையிலும் போடாதீர்கள்.

அந்த வருஷம் மழை பெய்ததும், மீன் பிடிக்க வருகிறவர்களுக்காக மேஜையில் மறுபடியும் உட்கார்ந்தேன். ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். தண்ணீருக்குப் போகிறவர்கள் எப்படியும் போகத்தான் போகிறார்கள், கூடத் தெரிந்தவன் ஒருவன் போகட்டும் என்றேன். அது முழுக் காரணமில்லை. முதல் நாள் வந்தவர் திருச்சியிலிருந்து ஒரு அம்மா, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, புருஷனோடும் தங்கச்சிகளோடும் வந்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ராடைப் பிடித்து முழங்காலளவுத் தண்ணீரில் நின்றார். வெயில் ஏறும் நேரத்தில் அவர் பூச்சியை ஒரு விரால் எடுத்தது. ராடு வளைந்து, அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. எல்லோரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.